நர்ஸ்களுக்குச் சங்கம்: சட்டம் தருவது என்ன, பேசி வாங்க வேண்டியது என்ன?

ஆஸ்பத்திரியில் சங்கம் என்று பேச்செடுத்தாலே, "நோயாளியை வைத்துக்கொண்டு போராட்டமா?" என்ற கேள்விதான் முதலில் வரும். சங்கம் என்றால் வேலை நிறுத்தம் என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது கடைசிக் கட்டத்தில் எடுக்கும் ஆயுதம். சங்கத்தின் அன்றாட வேலை பெரும்பாலும் டூட்டி ரோஸ்டரைச் சுற்றியே நடக்கிறது: யாருக்கு எத்தனை நோயாளி, எத்தனை மணி நேரம், நைட் டூட்டிக்கு அப்புறம் எவ்வளவு ஓய்வு என்பதெல்லாம்.

முதலில் உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். ஐ.நா.வின் சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. 1948இல் 87ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. தொழிலாளர் எவரும் எந்த வேறுபாடும் இல்லாமல், யாரிடமும் முன் அனுமதி வாங்காமல், தமக்குப் பிடித்த சங்கத்தை அமைக்கலாம், அதில் சேரலாம் என்கிறது அது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் மட்டும் நாடுகள் தனி விதி வைத்துக்கொள்ளலாம். அந்த விலக்கில் நர்ஸ் இல்லை. அரசு ஆஸ்பத்திரியா தனியாரா, நிரந்தரமா ஒப்பந்தமா என்ற பாகுபாடும் இல்லை.

அடுத்த வருடம் வந்த 98ஆம் உடன்படிக்கை நிர்வாகத்தின் கையைக் கட்டுகிறது. சங்கத்தில் இருப்பதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது. சங்கத்தில் சேர மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வேலை தரக் கூடாது. நிர்வாகமே பணம் கொடுத்து ஒரு பொம்மைச் சங்கத்தை வளர்ப்பதும் தவறுதான். இந்த உடன்படிக்கைகளை ஏற்றுக் கையெழுத்திடாத நாடுகளும் உண்டு. ஆனால் சங்கம் சேரும் உரிமை, கூட்டாகப் பேரம் பேசும் உரிமை ஆகிய கொள்கைகளை உறுப்பு நாடுகள் அனைத்தும் மதித்தே ஆக வேண்டும் என்று 1998இல் ஐ.எல்.ஓ. பிரகடனம் செய்துவிட்டது.

நர்ஸ்களுக்கென்றே தனியாக ஒன்றும் உண்டு: 1977இல் வந்த 149ஆம் உடன்படிக்கையும், அதோடு சேர்ந்த 157ஆம் பரிந்துரையும். வேலை நேரம், ஓவர்டைம், வார ஓய்வு, சம்பளத்தோடு விடுப்பு, மகப்பேறு விடுப்பு, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றில் நாட்டின் மற்ற தொழிலாளர்களுக்குக் குறையாத நிலை நர்ஸ்களுக்கும் வேண்டும் என்கிறது உடன்படிக்கை. 'சேவை' என்று சொல்லியே மற்றவர்களுக்குக் கிடைப்பதை நர்ஸ்களுக்கு மறுக்கும் பழக்கத்துக்கு இதுவே பதில். பணி நிபந்தனைகளை இரு தரப்பும் பேசித் தீர்மானிப்பதே நல்லது என்றும், தகராறு வந்தால் சமரசம், நடுவர் போன்ற பாரபட்சமற்ற வழிகள் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

பரிந்துரை இன்னும் விவரமாகப் போகிறது. ஓவர்டைமையும் சேர்த்து ஒரு நாள் வேலை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவில் குறைந்தது 12 மணி நேரம் தொடர் ஓய்வு வேண்டும். வார ஓய்வு 48 மணி நேரம். எந்த நிலையிலும் 36க்குக் கீழே இறங்கக் கூடாது. ரோஸ்டரை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். படிக்கும்போதே பெருமூச்சு வரும், ஏனென்றால் பரிந்துரை என்பது வழிகாட்டுதல் மட்டுமே. எந்த ஆஸ்பத்திரியையும் அது தானாகக் கட்டுப்படுத்தாது. இந்த வரிகளை நிர்வாகம் கையெழுத்திட்ட ஒப்பந்தமாக மாற்றுவதுதான் சங்கத்தின் வேலை.

இதில் நான் முதலில் கேட்கச் சொல்வது சம்பளத்தை அல்ல, ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்ற வரம்பை. ஆள் போதாத வார்டில் ஓய்வு நேரமும் விடுப்பும் காகிதத்தில்தான் இருக்கும். சம்பளம் உயர்ந்தாலும் ஆட்கள் நிற்க மாட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நர்ஸ் சங்கம் 2000ஆம் ஆண்டு இந்த வரம்பைத் தொழில் தகராறு ஆணையத்தின் மூலம் பெற்றது. பிறகு ஒவ்வொரு ஒப்பந்தமும் முடியும்போது அதைக் காப்பாற்றப் போராட வேண்டியிருந்தது. 2015இல்தான் அது சட்டமானது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சங்கத்தின் பல வருட முயற்சியால் 1999இல் சட்டம் வந்து, 2004இல் நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸுக்கு 2 நோயாளிகள். பொது வார்டில் முதலில் 6, பிறகு 5. அந்த 5ஐ மாநில அரசு தள்ளிப்போடப் பார்த்தபோது சங்கம் நீதிமன்றத்துக்குப் போய் 2005இல் அதைத் தடுத்தது. சட்டம் வந்த பிறகும் சங்கத்துக்கு வேலை இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தக் கோரிக்கைக்கு வலுவான ஆதாரமும் கையில் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வு, நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் கண்டது. ஆக, ஆள் கேட்பது நோயாளிக்காகவும்தான். பேச்சுவார்த்தை மேசையில் இதைச் சொல்லத் தயங்கவே கூடாது.

அன்றாடத்தில் கைகொடுக்கும் ஒரு சின்னக் கருவி, ஆட்சேபப் படிவம். ஆள் குறைவான ஷிப்டில் வேலையை மறுக்காமல், 'இத்தனை நோயாளிகள், இத்தனை பேர்தான் இருக்கிறோம், இது பாதுகாப்பில்லை' என்று தேதி, நேரத்தோடு எழுதி மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு நகலைச் சங்கத்துக்கு அனுப்புவது. பின்னால் தவறு நடந்தால் பழி முழுவதும் அந்த நர்ஸின் தலையில் விழாது. மாதக்கணக்கில் சேரும் படிவங்கள் அடுத்த பேச்சுவார்த்தைக்கு ஆதாரமாகும். தனியாக ஒருவர் எழுதினால் 'பிரச்சினை பண்ணுகிற ஆள்' என்ற பெயர்தான் மிஞ்சும், வார்டே சேர்ந்து எழுதினால் அப்படி ஒதுக்கிவிட முடியாது. ஊசி குத்திய காயம், நோயாளியின் உறவினர்கள் கைநீட்டுவது போன்றவற்றையும் இப்படியே பதிவு செய்ய வேண்டும். பணியிட வன்முறைக்கென்றே 2019இல் 190ஆம் உடன்படிக்கை வந்திருக்கிறது.

சரி, வேலை நிறுத்தம்? ஐ.எல்.ஓ.வின் சங்கச் சுதந்திரக் குழு ஆஸ்பத்திரியை அத்தியாவசியச் சேவையாகவே பார்க்கிறது. அங்கே வேலை நிறுத்தத்தைக் கட்டுப்படுத்தலாம், தடையும் செய்யலாம். ஆனால் தடை போட்டால் அதற்கு ஈடாக விரைவான, நடுநிலையான சமரசமும் நடுவர் தீர்ப்பும் இருக்க வேண்டும். நாடுகள் பல இந்த முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கின்றன. அனுமதி உள்ள நாடுகளில் சங்கங்களே எல்லை வகுத்துக்கொள்கின்றன. 2022 டிசம்பரில் பிரிட்டனில் நர்ஸ்கள் வேலை நிறுத்தம் செய்தபோது தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், கீமோதெரபி பிரிவுகளுக்கு விலக்கு இருந்தது.

சங்கம் தொடங்க நினைப்பவர்கள் தம் நாட்டுச் சட்டத்தில் மூன்றைப் பார்க்க வேண்டும்: பதிவுக்கு எத்தனை உறுப்பினர் வேண்டும், நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்தே ஆக வேண்டுமா, வேலை நிறுத்தத்துக்கு எத்தனை நாள் முன் நோட்டீஸ். அப்புறம், ஒப்பந்த நர்ஸ்களை முதல் நாளிலிருந்தே உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களை வெளியே விட்டால், நிரந்தர ஊழியருக்காகப் பேசி வாங்கிய ஓய்வு நேரத்தை நிர்வாகம் அவர்களுடைய கூடுதல் ஷிப்டுகளால்தான் ஈடுகட்டும்.