இரண்டாவது கியர் ஏன் இறக்கத்தில் மட்டும் கழன்றது?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற சாலையில், அரவேணு தாண்டி குஞ்சப்பனை வருவதற்கு முன்னால் அது முதல்முறை நடந்தது. ஜீப் இரண்டாவது கியரில் இருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருந்தேன். இஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தது. மலையில் இப்படித்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறி, பாதி வழியில் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. திடீரென்று ‘டக்’ என்று ஒரு சத்தம். லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிட்டது. முனகல் நின்றது. கயிறு அறுந்த காளை மாதிரி வண்டி ஓட ஆரம்பித்தது.

பிரேக் போட்டு ஓரம் கட்டி, மறுபடி இரண்டாவதில் போட்டேன். அடுத்த வளைவில் மறுபடியும் கழன்றது. ஆனால் அன்று சாயங்காலம் திரும்பி ஏறும்போது, அதே சாலையில் அதே கியர் ஒருமுறைகூடக் கழலவில்லை. ஏறும்போதுதானே பாரம் அதிகம்? இறங்கும்போது மட்டும் ஏன்?

பக்கத்து வீட்டு அண்ணா தேயிலைத் தோட்டத்தில் ஜீப் ஓட்டி ஓய்வுபெற்றவர். “ரெண்டாவதுல போட்டுட்டு லீவரைக் கையால அமுக்கிப் புடிச்சுக்கோங்க தம்பி, நாங்க அப்படித்தான் இறக்குனோம்” என்றார்.

“அப்படிப் பிடிச்சா உள்ள கியரை நகர்த்துற ஃபோர்க் தேஞ்சிடாதாண்ணா?”

“தேயும். ஆனா அந்த நேரத்துக்கு உசுரு முக்கியம்ல?”

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் காரணம் தெரியாமல் விட மனசு வரவில்லை.

வண்டி மஹிந்திரா சிஜே-3பி. அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1953-ல் கொண்டுவந்த மாடல். மஹிந்திரா உரிமம் வாங்கி இங்கே பல ஆண்டுகள் தயாரித்தது. என்னுடையது இலை மூட்டை சுமந்தே வயதான வண்டி. பாடி வேலையைப் பற்றி நீட்ட மாட்டேன்: தரைத் தகடு துருப்பிடித்திருந்தது, வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்தோம், ஒயரிங் முழுக்க மாற்றினோம். பொறுமையும் காசும் இருந்தால் முடிகிற வேலை. அறிவைக் கேட்கிற வேலை கியர் பாக்ஸ்தான்.

அதிலும் மலை வண்டிக்கு இஞ்சினைவிடக் கியர் பாக்ஸ் முக்கியம் என்பேன். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய இஞ்சின், சிலிண்டருக்குள் இழுக்கும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். ஆக, சென்னையில் 70 குதிரைத்திறன் தருகிற இஞ்சின் ஊட்டியில் 55-ஐ ஒட்டித்தான் தரும். மேடு கூடக் கூட இஞ்சின் இளைக்கிறது. அந்தக் குறையைப் பல் சக்கரங்கள்தான் ஈடுகட்ட வேண்டும்.

எப்படி என்று பாருங்கள். வில்லிஸ் கணக்குப்படி இந்த வண்டியின் முதல் கியர் 2.798 மடங்கு, சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ‘லோ’ போட்டால் அதன்மேல் 2.46 மடங்கு, அச்சில் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 37. இஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு சுற்று. வேகம் 37-ல் ஒரு பங்காகக் குறைகிறது, உராய்வில் போவது போக முறுக்கு விசை கிட்டத்தட்ட 37 மடங்காகிறது. இஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓடும்போது வண்டி மணிக்கு 4 கிலோமீட்டருக்கும் குறைவாக நகரும். கூடை சுமந்து நடப்பவர் அதை முந்திப் போய்விடலாம். ஆனால் மழையில் ஊறிய தோட்டத்துச் செம்மண் ஏற்றத்தில் அந்த நடை நிற்காது.

சரி, பெட்டியைப் பிரிப்போம். சிஜே-3பி-யில் கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டிப் பிறந்தவை. இரண்டையும் ஒன்றாகத்தான் கீழே இறக்க வேண்டும். ஜாக்கி மேல் பலகை வைத்து, இரண்டு பேர் பிடித்து இறக்கினோம். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் மூடியைத் திறந்தால் மெயின் ஷாஃப்டின் முனையில் ஒரு பெரிய நட்டும் அதைப் பூட்டும் பின்னும் இருக்கும். அவற்றைக் கழற்றிக் கியரை உருவினால்தான் இரண்டு பெட்டிகளும் பிரியும். இது தெரியாமல் சுத்தியலால் அடித்து வார்ப்பு உடைந்த பெட்டிகளைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன்.

உள்ளே மேலே ஒரு தண்டு வரிசை, கீழே ஒரு தண்டு. மேல் வரிசையின் முன்பாதி இஞ்சினிலிருந்து வருவது, பின்பாதி சக்கரத்துக்குப் போகிற மெயின் ஷாஃப்ட். பின்பாதியின் மூக்கு, முன்பாதியின் குழிக்குள் சின்னச் சின்ன ரோலர்கள்மேல் உட்கார்ந்திருக்கும். இந்த மூக்கை நினைவில் வையுங்கள், பிறகு வேலை இருக்கிறது. கீழே இருப்பது லே ஷாஃப்ட். டாப் கியரில் மேலே உள்ள இரண்டு பாதிகளும் நேராகப் பூட்டிக்கொள்ளும், லே ஷாஃப்ட் சும்மா சுற்றும். மற்ற கியர்களில் சக்தி கீழே இறங்கி, லே ஷாஃப்ட் வழியாகச் சுற்றிவிட்டு மேலே ஏறும்.

முதல் கியரின் பற்கள் நேராக வெட்டியவை. பல்லின் முழு நீளமும் ஒரே நொடியில் மோதுவதால்தான் பழைய ஜீப்பின் முதல் கியரில் அந்த ஊளைச் சத்தம். இரண்டாவது கியரின் பற்கள் சாய்வாக வெட்டியவை. ஒரு ஓரத்தில் தொட்டு மெல்ல மறு ஓரத்துக்குப் போகும், சத்தம் இல்லை. ஆனால் சாய்வுக்கு ஒரு விலை உண்டு: திருகாணி மாதிரி, பாரம் ஏறும்போது அது பல் சக்கரத்தைத் தண்டின் நீளவாக்கில் தள்ளும். ஏறும்போது இஞ்சின் வண்டிச் சக்கரத்தைத் தள்ளுகிறது, அந்தத் தள்ளல் ஒரு பக்கம். இறங்கும்போது வண்டிச் சக்கரம் இஞ்சினைத் தள்ளுகிறது. பல்லின் மறுமுகம் பாரம் தாங்குகிறது, தள்ளலும் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. என் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்தது.

மீதிப் பாதிக்குப் பித்தளை ரிங்கைப் பார்க்க வேண்டும். டாப் கியரில் மெயின் ஷாஃப்ட் 2,000 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். இரண்டாவது கியரின் விகிதம் 1.551. அதனால் மெயின் ஷாஃப்டின் மேல் பூட்டாமல் இருக்கும் அந்தப் பல் சக்கரம் அப்போது சுமார் 1,290 சுற்றில்தான் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டையும் பூட்ட வேண்டுமானால் 1,290-ஐ 2,000-க்குத் தூக்க வேண்டும், அதுவும் நாம் லீவரை நகர்த்துகிற அரை நொடிக்குள். அதைச் செய்வது அந்தப் பித்தளை ரிங். அதன் உள்பக்கம் கூம்பு வடிவம், மயிரிழை போன்ற வரிகள். அந்த வரிகள் எண்ணெய்ப் படலத்தை அறுத்தெறிய, ரிங் சக்கரத்தின் எஃகுக் கூம்பைக் கவ்வி இழுக்கும். வேகம் ஒன்றாகும்வரை அந்த இழுவையே ரிங்கைச் சற்றுத் திருப்பி, அதன் பற்களை, தண்டோடு சுற்றியபடி நகர்ந்து பல் சக்கரத்தைப் பூட்டும் வளையமான ஸ்லீவுக்குக் குறுக்கே நிறுத்திவிடும். நாம் எவ்வளவு அழுத்தினாலும் ஸ்லீவ் உள்ளே போகாது. வேகம் சமமானதும் இழுவை போய்விடும், ரிங் விலகி வழி விடும், ஸ்லீவ் சத்தமில்லாமல் வழுக்கி நுழையும். காவல்காரனும் அதுவே, கதவும் அதுவே. இவ்வளவு புத்தியான பொருளை ஒரு கம்பியும் கரண்டும் இல்லாமல் செய்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியம் தீரவில்லை. முதல் கியருக்கு இந்த ரிங் கிடையாது, அதனால் வண்டியை நிறுத்தித்தான் போட வேண்டும்.

என் ரிங்கை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வரிகளே இல்லை, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. கூம்பின் மேல் வைத்து அழுத்தினால் ரிங்கின் விளிம்புக்கும் கியருக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. கியர் போடும்போது கேட்ட ‘கர்ர்’ சத்தத்துக்கு இதுதான் காரணம். அப்படி ஒவ்வொரு முறை கர்ரென்றபோதும் சக்கரத்தின் பூட்டுப் பற்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்திருக்கின்றன. விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். ஏறும்போது பாரம் தாங்கும் முகம் நேராக இருந்தது. இறங்கும்போது தாங்கும் முகம் சரிவாகத் தேய்ந்திருந்தது. சரிவில் பாரம் விழுந்தால் பொருள் வழுக்கி வெளியே வரத்தானே செய்யும்?

அத்தோடு முடியவில்லை. முன்னே சொன்ன மூக்கின் ரோலர்கள் தேய்ந்து, மெயின் ஷாஃப்ட் இலேசாகத் தலையாட்டியது. தண்டு தலையாட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்லீவ் ஒரு இம்மி நகரும். லே ஷாஃப்டின் இரு பக்க வாஷர்களும் தேய்ந்திருந்தன. அங்கே இருக்க வேண்டிய ஆட்டம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, இருந்ததோ கையால் ஆட்டினால் கண்ணுக்குத் தெரிகிற அளவு. லீவரை அதன் குழியில் பிடித்து வைக்கும் ஸ்பிரிங்கும் குண்டும் வேறு தளர்ந்துவிட்டன. தள்ளுவதற்கு மூன்று பேர், பிடிப்பதற்கு ஆளில்லை.

ரிங் ஏன் இவ்வளவு சீக்கிரம் போனது? முந்தைய சொந்தக்காரர் கொடுத்த பழைய பில்லில் பதில் இருந்தது. ஒரு கடையில் ஜிஎல்-5 ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். அது அச்சுப் பெட்டியின் கடும் அழுத்தத்துக்கான ஆயில். அதில் அதிகமாக இருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் எஃகைக் காக்கும், ஆனால் சூட்டில் பித்தளையை அரிக்கும். தவிர, வழுக்கல் அதிகமானால் கூம்பு கவ்வாது. கவ்வுவதுதான் அதன் தொழிலே. பித்தளை ரிங் உள்ள பழைய பெட்டிக்கு ஜிஎல்-4 ஊற்றுங்கள். விலை உயர்ந்த ஆயில் என்றால் நல்ல ஆயில் என்று அர்த்தமில்லை.

மாற்றுப் பாகங்களைக் கோவையில் தேடிப் பிடித்தோம். பூட்டுவதில் ஒரே ஒரு இடம்தான் கஷ்டம், ஆனால் அதில்தான் பலர் கைவிடுகிறார்கள். லே ஷாஃப்டின் கியர் கட்டு, நடுத்தண்டின் மேல் உதிரி ஊசி ரோலர்களில் சுற்றுகிறது. தண்டு இல்லாமல் கியர் கட்டைப் பெட்டிக்குள் வைத்தால் ரோலர்கள் கொட்டும். தண்டோடு வைக்கவும் வழியில்லை, தண்டு பெட்டியின் சுவர் வழியாக வெளியிலிருந்துதான் வரும். இதற்கு ஒரு பொய்த்தண்டு வேண்டும். கற்பூர மரக் குச்சி ஒன்றைத் தண்டின் பருமனுக்குச் சீவி, வாஷர்களோடு சேர்த்து அந்தக் கட்டின் நீளத்துக்குச் சரியாக அறுத்தேன். துளைக்குள் கிரீஸ் பூசி, ரோலர்களை ஒவ்வொன்றாக ஒட்டினேன். கடைசி ரோலர் இடுக்கில் ‘டிக்’கென்று உட்கார்ந்தால் எண்ணிக்கை சரி. பிறகு குச்சியைச் செருகி, கியர் கட்டைப் பெட்டியின் அடியில் படுக்கவைத்து, மேல் தண்டுகளை மாட்டி, கட்டைத் தூக்கிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து உண்மையான தண்டை மெல்லத் தட்டினேன். அது உள்ளே வர வர, குச்சி முன்பக்கமாக வெளியே வந்தது. ஒரு ரோலர்கூட விழவில்லை.

மூடும் முன் மூச்சுத் துளையைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தேன். ஓடிச் சூடான பெட்டி நிறுத்தியதும் குளிர்ந்து காற்றை உள்ளிழுக்கும். துளை அடைத்திருந்தால் அந்த இழுப்பு ஆயில் சீல் வழியாக ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையும் கோத்தகிரியில், பால் கலந்த மாதிரி வெளுத்த கியர் ஆயிலை நான் பலமுறை வடித்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு காலையில் அதே அரவேணு இறக்கம். இரண்டாவது கியர், ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, லீவரில் கையும் இல்லை. பக்கத்தில் அண்ணா உட்கார்ந்து லீவரையே பார்த்துக்கொண்டு வந்தார். குஞ்சப்பனை வந்தது, தாண்டியது, இஞ்சின் முனகிக்கொண்டே இருந்தது. மேட்டுப்பாளையம் வரை அவர் பேசவே இல்லை.

500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் வடித்தேன். காந்தத்தைவிட்டுத் துழாவியதில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியது. புதிய எஃகுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது அவ்வளவு வரும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது, அதனால் தட்டை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். மஞ்சள் மினுக்கம் எங்கேயும் இல்லை.