“பேச்சு வருமா டீச்சர்?” என்று கேட்கும் வீடுகளுக்கு

பாலத்தைத் தாண்டிப் பாம்பனில் இறங்கி, தங்கச்சிமடம் வரைக்கும் போனால் நான் வாரா வாரம் போய் வரும் வீடுகள் சில உண்டு. மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கமும் உண்டு. பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளைகளின் சிறப்பாசிரியராக நான் போய் உட்கார்ந்ததும், தண்ணீர் கொடுத்த கையோடு எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான் வரும்: “டீச்சர், இவனுக்குப் பேச்சு வருமா?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை நேர்ச்சை, எத்தனை பஸ் பயணம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் அதைத் தட்டிக்கழிப்பதில்லை. வருமா வராதா என்று முதல் நாளே யாராலும் சொல்ல முடியாது என்பதைச் சொல்லிவிட்டு, பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: “பசிச்சா உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அதெல்லாம் தெரியும் டீச்சர். பசிச்சா உதட்டைச் சப்புவான். தூக்கம் வந்தா காதைப் பிடிச்சு இழுப்பான். அவங்கப்பா வண்டிச் சத்தம் கேட்டா காலை உதைப்பான். பிடிக்காதவங்க தூக்குனா உடம்பை வில்லா வளைச்சிருவான்.”

“இதெல்லாம் அவன் சொல்றதுதானேம்மா?”

அப்போது அந்தத் தாய் மகனைத் திரும்பி ஒரு தரம் பார்ப்பார். எங்கள் வேலை உண்மையில் அந்தப் பார்வையிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொல்வேன். பக்கத்துக்கு மூன்று கட்டம். பிள்ளை என்ன செய்கிறான், அதற்கு என்ன அர்த்தம், நாம் என்ன செய்ய வேண்டும். இவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா சொல்லச் சொல்ல, ஆறாவது படிக்கும் அக்காள் எழுதுவாள். ஒரு மாதத்தில் இருபது, இருபத்தைந்து வரி சேர்ந்துவிடும். அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்த மொழி அப்போதுதான் வீட்டுக்கே தெரிய வருகிறது. அம்மா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் அந்தப் பிள்ளை ஊமையாகிவிடக் கூடாது. நோட்டு அதற்காகத்தான்.

பல்வகைக் குறைபாடு என்பதைப் பலர் கூட்டல் கணக்காக நினைக்கிறார்கள். காது கேட்காத பிள்ளை கண்ணால் ஈடுகட்டும். பார்வை இல்லாத பிள்ளை காதால் ஈடுகட்டும். இரண்டும் மங்கி, கையும் சொன்னபடி கேட்காவிட்டால் ஈடுகட்டும் வழியே அடைபடுகிறது. அதனால்தான் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில், காதும் கண்ணும் சேர்ந்து பாதிக்கப்பட்ட நிலையையும் உள்ளடக்கிய பல்வகைக் குறைபாடு தனி வகையாக இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு குறைபாட்டுக்கான பயிற்சியை அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது.

பயிற்சியில் முதலாவதாக நான் சொல்லித்தருவது காத்திருப்பதை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு நாம் சொன்னது போய்ச் சேர்ந்து, அதற்குப் பதில் யோசித்து, அந்தப் பதிலை ஒரு தசைக்கு அனுப்பி, அந்தத் தசை அசைய நேரம் பிடிக்கும். பத்து நொடி ஆகலாம், இருபதும் ஆகலாம். நாமோ மூன்றாவது நொடியில் “என்னடா, வேணுமா வேண்டாமா, சொல்லு சொல்லு” என்று மறுபடி கேட்டுவிடுகிறோம். அவன் பாதி வழி வந்த பதில் அழிந்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது.

பெரியபட்டினத்தில் ஒரு வீட்டில் நான்கு வயதுப் பெண் பிள்ளை. சேலையில் கட்டிய தொட்டிலில் ஆட்டினால் அவளுக்கு உயிர். அவளுடைய உம்மாவிடம், “பத்துத் தரம் ஆட்டுங்க, அப்புறம் தொட்டிலைப் பிடிச்சு நிறுத்துங்க. ஒண்ணும் பேசாதீங்க” என்றேன். நிறுத்தினார். மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தோம். ஒன்பது, பத்து. ஒன்றுமில்லை. உம்மாவின் கை பரபரத்தது. நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். பதினாறோ பதினேழோ எண்ணும்போது சேலைக்குள்ளிருந்து வலது கால் பெருவிரல் மட்டும் ஒருமுறை மடங்கி விரிந்தது. அவ்வளவுதான். “இன்னும் ஆட்டணுமா? இதோ!” என்று சொல்லிக்கொண்டே உடனே ஆட்டினார். அன்று ஆறு தரம் செய்தோம். ஆறாவது தரம் எண்ணிக்கை எட்டிலேயே விரல் அசைந்துவிட்டது. தன் விரலை அசைத்தால் உலகம் அசைகிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் அந்த அசைவை விடாது.

அசைவைக் கண்டவுடன் பதில் செய்வது முக்கியம். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி பதில் செய்வது அதைவிட முக்கியம். உம்மா விரலைப் பார்த்து ஆட்டி, வாப்பா பார்க்காமல் ஆட்டினால் பிள்ளைக்கு எதுவும் புரியாது.

நான் செய்த தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஏழு வயதுப் பையன் ஒருவன். பிறந்த வாரத்தில் மஞ்சள் காமாலை முற்றி மூளையைத் தாக்கியிருந்தது. கைகால் தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும். பேச்சு இல்லை. ‘ஆமாம்’ என்றால் கண்ணை மேலே தூக்கு, ‘இல்லை’ என்றால் கீழே பார் என்று பழக்கினேன். நிறைய பிள்ளைகளுக்குப் பலித்த முறைதான். மூன்று மாதம் போராடினோம். மேலே பார்க்கவே மாட்டான். ‘புரியவில்லை போல’ என்று என் குறிப்பேட்டிலும் எழுதிவிட்டேன். அப்புறம்தான் ஒரு மருத்துவர் சொல்லித் தெரிந்தது: காமாலை மூளையைத் தாக்கிய பிள்ளைகளுக்குக் கண்ணை மேலே உயர்த்தும் திறனே பாதிக்கப்படுவது உண்டு. அறிவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவனால் செய்யவே முடியாத ஒன்றைக் கேட்டுவிட்டு, புரியவில்லை என்று அவன் மேல் எழுதியிருக்கிறேன். ‘ஆமாம்’ என்பதை வலப்பக்கம் பார்ப்பதாக மாற்றினோம். இரண்டே வாரத்தில், எந்தச் சட்டை போடுவது என்பதிலிருந்து எந்தச் சித்தப்பாவைப் பிடிக்காது என்பது வரைக்கும் சொல்லிவிட்டான். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறாது.

இதே பிள்ளைகளுக்குக் காதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிறந்த குழந்தைக்குக் காதில் சின்ன முனையை வைத்துச் செய்யும் முதல் சோதனை சரி என்று வரலாம். ஆனால் காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு பழுதாகியிருக்கலாம். ஆகவே காமாலை முற்றிப் பிழைத்த குழந்தைக்கு சத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் ‘பெரா’ சோதனையும் செய்யாமல் காது நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

கண்ணும் காதும் இரண்டும் மிகக் குறைவாக உள்ள ஒரு சிறுமி பாம்பனை அடுத்த குப்பம் ஒன்றில் இருக்கிறாள். அவளுடைய அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். பாறையில் கை கிழியாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, விடியும் முன்னே போய்விடுவார். விழித்ததும் அம்மாவின் கை இல்லாமல் சிறுமி தலையைத் தரையில் மோதி அழுவாள். “பிடிவாதம், டீச்சர்” என்றார் அப்பத்தா. யோசித்துப் பாருங்கள். அவளைப் பொறுத்தவரை அம்மா போகவில்லை, மறைந்துவிட்டார். போகிறேன் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல அவளுக்குப் புரிகிற சொல்லும் இல்லை.

சொல்லைப் பொருளிலிருந்து எடுத்தோம். சாப்பாட்டுக்கு அவளுடைய கரண்டி. குளிக்க, சின்னதாய் நறுக்கிய நார். வெளியே போக, செருப்பின் வார். அம்மா பாசிக்குப் போகிறார் என்பதற்கு அந்த விரல் துணியில் ஒரு சுருள், உப்பு வாசனையோடே. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அந்தப் பொருளை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அம்மா போகுமுன் அவளை மெல்ல எழுப்பி, துணியைக் கையில் வைத்து, தன் விரலில் சுற்றியிருப்பதையும் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். வரிசையாக நான்கு பனையோலைக் கொட்டான் வைத்தோம். காலையிலிருந்து நடக்கப் போவது எல்லாம் வரிசையில் இருக்கும். முடிந்ததைக் கடைசியிலுள்ள பெரிய கொட்டானில் போட்டுவிட வேண்டும். ‘முடிந்தது’ என்பதற்கு அதுதான் சொல்.

ஆள்களுக்கும் தொடு பெயர் வைத்தோம். அம்மாவுக்குக் கழுத்துத் தாலிக்கயிறு, அப்பாவுக்கு மீசை, எனக்கு இடக்கைக் கண்ணாடி வளையல். போனதும் அவள் கையைப் பிடித்து இழுத்து வைக்க மாட்டேன். என் கையை அவள் கைக்கு அடியில் கொண்டுபோவேன். அவள் பிடித்தால் வளையலுக்குக் கூட்டிப்போவேன், விலக்கினால் நானும் விலகிக்கொள்வேன். கைதான் அவளுக்குக் கண்ணும் நாக்கும். பேசிக்கொண்டிருப்பவர் வாயை நாம் பொத்த மாட்டோம் அல்லவா? அந்தக் கையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தலை மோதுவது நிற்க நான்கு மாதம் ஆனது.

இன்னொன்று, ‘வேண்டாம்’. எல்லா வீட்டிலும் ‘அம்மா’ சொல்ல வைக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். நான் முதலில் ‘வேண்டாம்’ சொல்ல வைக்கப் பார்ப்பேன். தலையைத் திருப்பினால், வாயை இறுக்கினால், கரண்டியை உடனே இறக்குங்கள். “வேண்டாமா? சரி” என்று சொல்லுங்கள். கொஞ்சம் விட்டு மறுபடி காட்டுங்கள். மடியில் மல்லாத்திப் படுக்க வைத்து மூக்கைப் பிடித்து ஊட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. சோறு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும் ஆபத்து அதில் உண்டு. ‘நான் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று பிள்ளை தினமும் மூன்று வேளை கற்றுக்கொள்வதும் அதில்தான். வேண்டாம் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு, தன் உடம்பில் யார் எங்கே கை வைத்தாலும் தடுக்க வழியில்லை. இதைப் பெற்றோர் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

உட்காரும் விதம் சரியில்லாவிட்டால் எதுவும் நடக்காது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் மடங்கி, பாதம் எதிலாவது ஊன்றியிருக்க வேண்டும். விழாமல் இருப்பதிலேயே முழுப் பலமும் போனால் பிள்ளை எதைக் கொண்டு பேசும்? சுவர் மூலையில் இரண்டு தலையணை முட்டுக்கொடுத்தாலே சில பிள்ளைகளின் கை விடுபட்டுவிடும்.

அப்புறம், வெளிச்சம். நம் கரையோர வீடுகளில் பெரும்பாலும் வாசல் வழியாகத்தான் வெளிச்சம் வரும். கடல் பக்கத்து வெளிச்சம், கண் கூசும். வாசலுக்கு முதுகு காட்டி நீங்கள் உட்கார்ந்தால் பார்வை மங்கிய பிள்ளைக்கு உங்கள் முகம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். நீங்கள் வாசலைப் பார்த்து உட்காருங்கள், பிள்ளையின் முதுகு வாசலுக்கு இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும், பின்னால் ஒரு கறுப்புத் துணி பிடித்துக் காட்டுங்கள். காது மெஷின் போட்டிருந்தால் இரவில் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். உப்புக்காற்று அதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

பட அட்டை, போன் செயலி எல்லாம் கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடுமோ என்ற பயம் பலருக்கு. அப்படி இல்லை. சொல்ல ஒரு வழி கிடைத்த பிள்ளைகளில் பேச்சு குறைந்ததை நான் கண்டதில்லை, சிலரிடம் கூடியிருக்கிறது. படத்தைத் தொட்டால் அதற்கான சொல்லைப் பேசும் ‘ஆவாஸ்’ செயலி சென்னையில் உருவானது, தமிழிலும் பேசும். ஆனால் இணையத்திலிருந்து எடுத்த ஆப்பிள் படத்தை வெட்டி ஒட்டாதீர்கள். அவன் தினமும் தொடும் டம்ளர், அவன் வீட்டு நண்டுக் குழம்புச் சட்டி, அவன் அப்பாவின் படகு, இவற்றைப் போனில் படமெடுத்துப் பெரிதாக அச்சடியுங்கள். இரண்டு படம் போதும். இரண்டில் எது என்று கண்ணால் காட்டட்டும்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வருமானம் இல்லாத காலம், மனக்கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் பயிற்சிக்கு எனக்கு அப்பாக்கள் கிடைப்பது அப்போதுதான். வலை பின்னும் கைக்குப் பொறுமை அதிகம். பதினைந்து எண்ணும் வரை காத்திருக்க அம்மாக்களைவிட அப்பாக்களே சீக்கிரம் பழகுகிறார்கள்.

அலுவலக வேலைகளையும் தள்ளிப்போடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, தமிழக அரசு 2023-இல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்திய பராமரிப்பு உதவித்தொகை, ஒரு லட்சம் ரூபாய் வரைக்குமான நிராமயா மருத்துவக் காப்பீடு, வட்டார வள மையம் வழியாக வீட்டிலேயே கிடைக்கும் பயிற்சி, இவற்றை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் பள்ளியிலும் விசாரியுங்கள். முழு மதிப்பீடு தேவைப்பட்டால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கென்றே தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. தூரம்தான், ஆனால் ஒருமுறை போய் வருவது வீணாகாது.

போன மாதம் ஒரு மதியம் பாம்பனிலிருந்து அந்த அப்பத்தா போன் செய்தார். அன்று காற்று கூடி, பாசிக்குப் போனவர்கள் கரைக்கு வரத் தாமதம். சிறுமி தானாகத் தவழ்ந்து போய், ‘முடிந்தது’ கொட்டானுக்குள் கையை விட்டு, துழாவி, அந்த விரல் துணியை எடுத்து அப்பத்தாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாளாம்.

“ஆத்தாளக் கேக்குறா டீச்சர்,” என்றார். குரல் தழுதழுத்தது. கொஞ்சம் பொறுத்து, “‘இன்னும் வரல, வந்துருவா’ன்னு இவளுக்கு எதை எடுத்துக் குடுத்துச் சொல்றது?” என்று கேட்டார்.

அதற்கு நாங்கள் இன்னும் ஒரு பொருள் வைக்கவில்லை. இந்த வாரம் போகும்போது அதைத்தான் தேட வேண்டும்.