சகப்பிணைப்பு: பெயரில் விட்டுப்போன ‘வலு’

சகப்பிணைப்புக்கு ஆங்கிலத்தில் ‘கோவேலன்ட்’ பிணைப்பு என்று பெயர். அந்தச் சொல்லை இரண்டாகப் பிரிக்கலாம். ‘கோ’ என்றால் கூட, சேர்ந்து. ‘வேலன்ட்’ லத்தீனின் ‘வாலேரே’யிலிருந்து வந்தது, வலுவாயிருத்தல் என்று பொருள். வேதியியலில் அந்த வலு, ஓர் அணு எத்தனை பிணைப்புகள் அமைக்கும் என்ற எண்ணிக்கையாயிற்று. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது இணைதிறன், இலங்கையில் வலுவளவு.

சொல்லை ஆக்கியவர் அமெரிக்க வேதியியலர் இர்விங் லாங்மியூர், 1919இல். கருத்து அவருடையதல்ல. இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இணையைப் பொதுவில் வைத்துக்கொண்டு பிணைகின்றன என்று இன்னொரு அமெரிக்க வேதியியலர் கில்பர்ட் லூயிஸ் 1916இலேயே எழுதிவிட்டார். அணுக்களுக்கிடையே அதுவரை போட்டுவந்த சிறு கோடு அவர் கையில் இரண்டு புள்ளிகளாயிற்று. லாங்மியூர் ‘கோவேலன்ஸ்’ என்றதும் பிணைப்பை அல்ல. ஓர் அணு அண்டை அணுக்களோடு பகிரும் இணைகளின் எண்ணிக்கையை. அம்மோனியாவில் நைட்ரஜனுக்கு அது 3. எண்ணுக்கு வைத்த பெயர் பிறகு பிணைப்புக்கும் ஆகிவந்தது.

தமிழில் இதற்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் சகப்பிணைப்பு. ‘சக’ வடசொல், சகமாணவர், சகபயணி என்பவற்றில் வருவது. ‘கோ’வுக்கு ‘சக’ சரிதான், ஆனால் ‘வேலன்ட்’ காணாமல்போய்விட்டது. இலங்கையில் பங்கீட்டு வலுப் பிணைப்பு. நீளம் என்றாலும் எதையும் விடவில்லை. அதிலும் ஒரு குறை உண்டு: பங்கீடு என்றதும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பதே மனதில் வரும். இங்கே பிரிவினை கிடையாது. இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு அணுக்கருக்களும் சேர்ந்தே இழுத்து வைத்திருக்கின்றன. ஆகவேதான் எலக்ட்ரானுக்கொரு புள்ளி வைத்து எண்ணும் புள்ளிக் கணக்கில் அந்த இணையை இரண்டு அணுக்களுக்கும் முழுதாக வரவு வைக்கிறோம். இந்த இடத்தில் ‘சக’வே பொருத்தம்.

கார்பன் டை ஆக்சைடைப் புள்ளிகளால் வரைந்து பார்க்கலாம். ஒவ்வோர் அணுவுக்கும் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் நிரம்ப வேண்டும். கார்பனின் வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான்கள், ஒவ்வோர் ஆக்சிஜனிலும் 6, மொத்தம் 16. கார்பனை நடுவில் வைத்து இருபுறமும் ஒற்றைப் பிணைப்பு போட்டால் 4 செலவு. மீதி 12ஐ ஆக்சிஜன்களுக்கு ஆறாறாகக் கொடுத்தால் அவற்றுக்கு எட்டு நிரம்பிவிடும், கார்பனுக்கோ நான்குதான். இங்கே பலர் கார்பன்மேல் புதிதாக நான்கு புள்ளிகள் வைத்துவிடுகிறார்கள். மொத்தம் 20 ஆகிக் கணக்கு உடைகிறது. புதிதாகச் சேர்க்கக் கூடாது. ஒவ்வோர் ஆக்சிஜனிலிருந்தும் ஒரு தனித்த இணையை, அதாவது பிணைப்பில் சேராத இணையை, நடுவே நகர்த்த வேண்டும். இரண்டு இரட்டைப் பிணைப்புகள், அதே 16 எலக்ட்ரான்கள்.

‘வலு’ விட்டுப்போனதாலோ என்னவோ, விடைத்தாள்களில் ஒரு பிழை ஓயாமல் வரும்: “சகப்பிணைப்பு வலுக்குறைந்தது, ஆகவே உருகுநிலை குறைவு.” 18 கிராம் நீரை 100 டிகிரி செல்சியஸில் ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோ ஜூல் போதும். அதே நீரின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகளையெல்லாம் அறுக்க 900க்கும் மேல் வேண்டும். கொதிக்கும்போது அறுபடுவது மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள ஈர்ப்பு. பிணைப்பு அப்படியே இருக்கும். ஆவியும் நீர்தானே!

ஆகவே பண்புகளைச் சொல்லுமுன் எந்த வகை என்று கேட்க வேண்டும். திண்ம கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு படிகம், அதாவது தனித்தனி மூலக்கூறுகள் அடுக்கியது. மைனஸ் 78 டிகிரியிலேயே திண்மத்திலிருந்து நேரே வாயுவாகிறது. சிலிக்கன் டை ஆக்சைடும் சகப்பிணைப்பால் ஆனதுதான். ஆனால் சிலிக்கன் இரட்டைப் பிணைப்புக்குப் பதில் நான்கு ஆக்சிஜன்களோடு நான்கு ஒற்றைப் பிணைப்புகள் அமைத்து முடிவில்லா வலையாகிறது. உருகப் பிணைப்பையே அறுக்க வேண்டும். குவார்ட்ஸுக்கு 1,700 டிகிரி அளவில். இதன் பெயர் சகப்பிணைப்பு படிகம். வைரமும் இந்த இனம். அது தனிமம் என்பதால் ‘சகப்பிணைப்புச் சேர்மங்கள்’ என்ற தலைப்புக்குள் வராது; ‘சகப்பிணைப்புப் பொருள்கள்’ என்றால் வரும்.

சகப்பிணைப்பால் ஆனது மின்சாரம் கடத்தாது என்பதும் முழு உண்மையல்ல. கிராஃபைட் கடத்தும், அதன் அடுக்குகளில் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கட்டுண்டிருப்பதில்லை. ஹைட்ரஜன் குளோரைடு திரவமாக இருக்கையில் கடத்தாது என்றே சொல்லலாம். நீரில் கரைந்தால் நன்றாகக் கடத்தும். கரைகையில் அது தன் ஹைட்ரஜனை எலக்ட்ரான் இல்லாத அயனியாக நீரிடம் விட்டுவிடுகிறது. நீரின் ஆக்சிஜன் தன் தனித்த இணை ஒன்றை அந்த அயனிக்குக் கொடுக்கிறது. இரண்டு எலக்ட்ரான்களையும் ஓர் அணுவே தரும் இப்பிணைப்புக்கு ஈதல் சகப்பிணைப்பு என்று பெயர். நல்ல பெயர், பிணைப்பு உண்டாகும் விதத்தை மட்டும் சொல்கிறது. நீரும் அந்த அயனியும் சேர்ந்து உண்டாவது ஹைட்ரோனியம் அயனி. உண்டான பிறகு அதில் மூன்று பிணைப்புகளும் ஒரே நீளம்; எது ஈந்தது என்று பிரித்துக் காட்ட முடியாது.