ஆமைத் தொட்டியில் நெளிவது என்ன?

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று அக்காவின் மாமியார் முதல் நாளே சொல்லிவிட்டார். கடைக்காரரோ, ஆமை இருக்கிற வீட்டில் லட்சுமி தங்குவாள் என்று சொல்லித்தான் விற்றிருந்தார். இந்த இரண்டு வாக்குக்கும் நடுவே, பெங்களூரு லிங்கராஜபுரத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில், ஓர் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் அந்த ஆமை ஒன்றரை வருடமாக நிம்மதியாக இருந்தது. பிப்ரவரி கடைசியில் ஒரு ராத்திரி அக்கா போன் பண்ணினாள். "டேய், தொட்டி பூரா வெள்ளை வெள்ளையா புழுடா. ஆமை வயித்துல இருந்துதான் வருதோ என்னவோ. நாளைக்கு வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைக் கண்ணாடியின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் தெரிந்தது. தலைமுடி கனத்தில், அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை நீளமான வெள்ளை இழைகள். சில கண்ணாடியில் ஊர்ந்தன. சில கூழாங்கல் இடுக்கில் உடம்பின் ஒரு பாதியைப் புதைத்துக்கொண்டு மறுபாதியை ஆட்டிக்கொண்டிருந்தன. ஆமை அதைச் சட்டையே செய்யவில்லை.

"மாமா, இது பாம்புக் குட்டியா?" என்றான் அக்கா மகன்.

வெறும் கண்ணுக்கு எல்லாப் புழுவும் ஒன்றுதான். அது யார் என்பதை உருவத்தைவிட நடை சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். பேனாவுக்கு மை போடுகிற ஃபில்லரால் நாலைந்தை உறிஞ்சி, கறுப்புச் சாஸரில் விட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தோம்.

வீட்டுத் தொட்டியில் வரக்கூடிய வெள்ளைப் புழுக்கள் பெரும்பாலும் மூன்று கூட்டம். முதலாவது உருளைப்புழு. இதன் உடம்புச் சுவரில் நீளவாக்கில் மட்டும்தான் தசை உண்டு. வளையமாகச் சுற்றிவரும் தசை கிடையாது. அதனால் நீளவும் முடியாது, குறுகவும் முடியாது. ஒரு பக்கத் தசையை இழுத்தால் அந்தப் பக்கம் வளையும், மறுபக்கத்தை இழுத்தால் இந்தப் பக்கம் வளையும், அவ்வளவுதான். சாட்டையைச் சொடுக்கினாற்போல் இருந்த இடத்திலேயே துள்ளிக்கொண்டிருக்கும். இரண்டாவது தட்டைப்புழு, பிளனேரியா என்பார்கள். அம்பு முனை மாதிரி தலை, அதில் மாறுகண் போல இரண்டு கறுப்புப் புள்ளிகள். வயிற்றுப் பக்கம் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் துடுப்புப் போட, தானே பூசிக்கொள்ளும் வழுவழுப்பின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். நெளிவே இருக்காது. மூன்றாவது மண்புழுவின் சொந்தக்காரன், வளைதசைப் புழு. இதற்கு நீளத் தசையும் உண்டு, வளையத் தசையும் உண்டு. ஆகவே நீண்டு, பிறகு சுருங்கி, மறுபடி நீண்டு போகும். மழைக்குப் பிறகு முற்றத்தில் மண்புழு போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நடை புதிதல்ல.

எங்கள் சாஸரில் இருந்தது மூன்றாவது. மீன் வளர்ப்பவர்கள் இதை டெட்ரைட்டஸ் புழு என்பார்கள், அதாவது மக்கைத் தின்னும் புழு. நாயிடிடே என்கிற குடும்பத்தைச் சேர்ந்தது. லென்ஸில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு புழுவின் நடு உடம்பில் இடுப்பு மாதிரி ஓர் ஒடுக்கம். அதற்குப் பின்னால் இன்னொரு தலை முளைத்துக்கொண்டிருந்தது. இவை முட்டையும் இடும். ஆனால் சாப்பாடு தாராளமாக இருக்கும்போது அந்தச் சிரமத்தையெல்லாம் வைத்துக்கொள்வதில்லை. நடு உடம்பில் புதுத் தலையையும் புது வாலையும் செய்து முடித்துவிட்டு, ரயிலில் பெட்டியைக் கழற்றிவிடுவதைப் போல இரண்டாகப் பிரிந்துவிடும். நாலு நாளைக்கு ஒருமுறை இப்படிப் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 நாளில் ஒன்று 1,024 ஆகும்.

அப்படியானால் ஆமையின் வயிற்றிலிருந்து வரவில்லையா? ஆமைக்குக் குடற்புழு வருவது உண்மைதான். ஆனால் குடலில் வாழ்கிற புழுவுக்குத் தொட்டித் தண்ணீர் வீடல்ல. அது உள்ளே இருந்தபடி முட்டையிடும், முட்டை கழிவோடு வெளியே வரும். அந்த முட்டை மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். பெரிய புழு எப்போதாவது கழிவோடு வந்து விழுந்தாலும் வெளியே அதிக நேரம் தாங்காது. வாரக்கணக்கில் கண்ணாடியில் ஏறி இறங்கிக் குடும்பம் நடத்துவது வெளியிலேயே பிறந்து வளர்கிற புழுதான். இரண்டு முனையிலும் ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சி வைத்து, வளைந்து வளைந்து அடியளந்து நடப்பது ஏதாவது தெரிந்தால் கதை வேறு. அது அட்டை, ஆமையின் ரத்தத்தைக் குடிக்கும், உடனே எடுத்துவிட வேண்டும்.

இந்தப் புழு எப்போது வந்தது என்பதைவிட, இத்தனை நாள் எங்கே இருந்தது என்பதுதான் சுவையான கேள்வி. முதல் நாள் போட்ட நீர்ச்செடியிலோ கூழாங்கல்லிலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அன்றுமுதல் கல்லுக்கடியில் பத்துப் பதினைந்தாகக் காலத்தை ஓட்டியிருக்கும். அது பெருகியதற்கும், பிப்ரவரியில் மேலே ஏறியதற்கும் காரணம் பெங்களூரின் குளிர்.

ஆமைக்கு நம்மைப் போல உடம்புக்குள் அடுப்பு இல்லை. தண்ணீர் என்ன சூட்டில் இருக்கிறதோ அதே சூட்டில்தான் குடலும் வேலை செய்யும். அக்கா வீட்டில் இருப்பது, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட ரெட் இயர்டு ஸ்லைடர். பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். தண்ணீர் 24 முதல் 28 டிகிரி வரை இருந்தால் நன்றாகத் தின்னும். டிசம்பர், ஜனவரியில் பெங்களூரில் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்குகிறது. ஹீட்டர் இல்லாத தொட்டியில் ஆமையின் பசி மந்தமாகிவிடும். ஆனால் பையன் கை மந்தமாகவில்லை. காலையில் பத்து பெல்லட் தீனி, சாயங்காலம் பத்து பெல்லட் என்று கணக்குத் தவறாமல் போட்டிருக்கிறான். பாதி மிதந்து, ஊறி, உடைந்து, கல் இடுக்கில் இறங்கிவிட்டது. போதாததற்கு, ஆமை தண்ணீருக்குள்தான் விழுங்கும். கடித்துப் பிய்த்து, முன்னங்காலால் கிழித்துத் தின்னும்போதே தூள் பறக்கும். தின்றதின் கழிவும் அதே தண்ணீரில்தான்.

இரண்டு மாதம் இப்படியே சேர்ந்தது. சிவராத்திரியோடு குளிர் சிவசிவா என்று போய்விடும் என்பார்களே, அதுபோல வெயில் ஏறியதும் கல்லுக்கடியில் இருந்த பாக்டீரியாக்கள் விழித்துக்கொண்டன. சூடு 10 டிகிரி கூடினால் அவற்றின் வேலை வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். மக்க வைக்க ஆக்சிஜன் வேண்டும். தண்ணீரோ சூடாக ஆகக் குறைவாகத்தான் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு லிட்டரில் 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. கல்லுக்கடியில் மூச்சு முட்டியதும் புழுக்கள் கண்ணாடி வழியே மேலே ஏறிவிட்டன. அக்கா பார்த்தது அதைத்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் செய்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்த்து, சரி, ஒரேயடியாகச் சுத்தம் பண்ணிவிடலாம் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் காலி செய்து, கல்லை வெந்நீரில் போட்டு, ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாயடியில் பளிச்சென்று கசக்கி, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டோம். நாலாம் நாள் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. அமோனியா சோதனைத் திரவத்தைச் சொட்டுப் போட்டால், மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சை. மூன்றாவது வாரம் புழுவும் திரும்பிவிட்டது.

தப்பு ஸ்பான்ஜில். ஆமையின் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். அதை நைட்ரோசோமோனாஸ் வகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு தீங்கில்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்த வேலைக்காரர்கள் குடியிருப்பது முக்கியமாக ஸ்பான்ஜிலும் கல்லிலும்தான். குழாயில் வருகிற காவேரித் தண்ணீரில் குளோரின் உண்டு. நம் வயிற்றுக்குக் கெடுதல் வராமலிருக்கப் போட்டது, இவர்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். மற்ற பாக்டீரியாக்கள் அரை மணியில் இரட்டித்தால் இவை இரட்டிக்க ஒரு நாளாவது பிடிக்கும். பழைய நிலைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். மூலையில் தப்பிய நாலு புழு அதற்குள் ஊரையே நிரப்பிவிடும்.

இதற்கிடையே அக்கா ஒரு கடையில் விசாரித்திருக்கிறாள். "இதை ஊத்துங்க மேடம், ஒரே நாள்ல க்ளீன்" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்துவிட்டார்கள். லேபிளில் ஐவர்மெக்டின் என்றிருந்தது. நல்லவேளை, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். ஐவர்மெக்டின் பெரிய மருந்துதான்; அதைக் கண்டுபிடித்ததற்காக சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பெலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. புழுவின் நரம்பில் இருக்கிற குளோரைடு வாசல்களைத் திறந்து வைத்து, அதை முடமாக்கிவிடும். நம் உடம்பில் அந்த வாசல் கிடையாது. அதற்கு ஒன்றுவிட்ட வாசல் மூளையில் உண்டு, ஆனால் மருந்து அதுவரை போகாமல் ஒரு தடுப்பு நிற்கிறது. ஆமையிடம் அந்தத் தடுப்பை நம்ப முடியாது. கை கால் துவண்டு, மூச்சுத் தசையும் நின்று, ஆமை செத்துப்போகும். 1983லேயே இதைப் பரிசோதித்து எழுதிவிட்டார்கள். ஆமையின் குடற்புழுவுக்கு மருந்து தேவையென்றால் கழிவைச் சோதித்து, ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவர் எடையைப் பார்த்துக் கொடுப்பார். தொட்டியில் ஊற்றுகிற விஷயமே அல்ல. ஆமைக்கு ஆகாதது போகட்டும், ஆயிரம் புழு ஒரே ராத்திரியில் செத்தால் அந்தப் பிணமும் அழுகி அமோனியாதானே ஆகும்?

பிளனேரியாவாக இருந்திருந்தால், பிளேடால் சுரண்டி வெட்டாதீர்கள் என்றும் சொல்லியிருப்பேன். டாமஸ் ஹண்ட் மார்கன் என்கிற அமெரிக்க உயிரியலாளர் 1898 வாக்கில் அதை வெட்டி வெட்டிப் பார்த்து, உடம்பில் 279இல் ஒரு பங்கு இருந்தால்கூட முழுப்புழுவாக வளரும் என்று கணக்குச் சொன்னார்.

இரண்டாம் தடவை நாங்கள் புழுவைத் தொடவில்லை, சாப்பாட்டைத்தான் தொட்டோம். ஆமையைத் தனி டப்பில், வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டுத் தீனி. இருபது நிமிடம் கழித்து எடுத்து மறுபடி தொட்டியில். தீனி அதன் தலை அளவுக்குமேல் போகக் கூடாது. கல்லில் முக்கால்வாசியை வெளியே எடுத்தாயிற்று. வாரம் ஒருமுறை டியூபை விட்டு அடிமக்கை உறிஞ்சி, மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றினோம். புதுத் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் சொட்டு. வெளியே எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பான்ஜை இரண்டு கசக்கு, அவ்வளவுதான். 26 டிகிரிக்கு ஒரு ஹீட்டர், காற்றுக்கு ஒரு பம்பு. அழுக்குத் தண்ணீர் சமையலறை சிங்க்கில் போகவே கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆமையிடம் வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா பாக்டீரியா சகஜம். குழந்தைகளுக்கு வந்த நோயைப் பார்த்துத்தான் அமெரிக்கா 1975இல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்கத் தடை போட்டது.

"பேசாம அல்சூர் ஏரியில விட்டுடலாமே" என்று அக்கா ஒருநாள் அலுத்துக்கொண்டாள். கூடவே கூடாது. அந்நிய இடத்தில் பரவி உள்ளூர் உயிர்களின் இடத்தைப் பிடிக்கும் மோசமான 100 இனங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நம் ஊர் ஆமை வாங்கலாம் என்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

பையனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு சாண் சதுரம் போட்டு, தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் அடித்து உள்ளே இருக்கிற புழுவை எண்ணிக் காலண்டரில் எழுத வேண்டும். முதல் நாள் 43. ஒரு வாரத்தில் 30. அப்புறம் 18, 9, 4. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் 6, அதற்கடுத்த வாரம் 15, பிறகு 21.

பெல்லட் டப்பா கணக்குக்கு மேல் குறையவில்லை, ஹீட்டரும் சரியாக இருந்தது. லென்ஸை வைத்துக் கல்லுக்கிடையே தேடினால், வெள்ளையாக, ஊறிப்போய், இட்லித் துணுக்கு. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த மாமியார்தான் தானாகச் சொன்னார்: "வாயில்லா ஜீவன், கண்ணாடிய வந்து வந்து முட்டுதேன்னு ஒரு விள்ளல்தான் போட்டேன்."