பைக் சாய்வது வேறு, சறுக்குவது வேறு

ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு கிராஷ் கார்டு (விழும்போது வண்டியைக் காக்கும் பாகம்) வாங்கப் போகும் பலரும் முதலில் பார்ப்பது அது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: விழும்போது வரும் விசை எந்த வழியாகப் போய் எந்தப் பாகத்தில் இறங்குகிறது?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 கிலோ பைக் ஒன்று நின்ற இடத்திலேயே சாய்கிறது. அதன் ஈர்ப்பு மையம் 30 சென்டிமீட்டர் கீழே இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 600 ஜூல். அதே பைக் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 49,000 ஜூல். எண்பது மடங்குக்கும் மேல். சரி, அப்படியானால் சேதமும் எண்பது மடங்கா? இல்லை. ஆற்றல் எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு தூரத்தில் செலவாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நின்ற பைக் சாயும்போது 600 ஜூலும் கண் இமைக்கும் நேரத்தில் தீர்ந்தாக வேண்டும். அதில் பாதி ஸ்லைடர் (பைக்கின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு முதலில் தரையில் படும் கட்டை போன்ற கிராஷ் கார்டு) வழியாகப் போய், அது 2 சென்டிமீட்டர் மட்டும் நசுங்கி வளைந்து கொடுத்தால், சராசரி விசை 15,000 நியூட்டன். அதாவது ஒன்றரை டன் எடை. ஓடும் பைக்கும் முதலில் இப்படி விழுந்துதான் சறுக்கத் தொடங்கும். ஆனால் தரையில் படுத்தபின், உராய்வுக் குணகம் 0.4 என்று வைத்துக்கொண்டால், அதைப் பிடித்து இழுக்கும் விசை 800 நியூட்டன் அளவுதான். 49,000 ஜூலும் அறுபது மீட்டர் தூரத்துக்குத் தேய்ந்து தேய்ந்து வெப்பமாகக் கரைகிறது.

அதனால் சறுக்கும் பைக்கைச் சறுக்க விடுவதுதான் நல்லது. ஸ்லைடர் ரொம்ப வெளியே நீட்டிக்கொண்டிருந்து, சாலையோரக் கல்லிலோ ஈர மண்ணிலோ குத்திக்கொண்டால், மிச்சமிருக்கும் ஆற்றல் மொத்தமும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். பைக் புரண்டு உருளும். அப்புறம் டேங்க், ஹேண்டில்பார், பின்பக்கம் என்று எதுவும் மிஞ்சாது. ஸ்டன்ட் செய்பவர்கள் மாட்டும் இரும்புக் குழாய்க் கூண்டு, மெதுவான வேகத்தில் அடிக்கடி விழுவதற்கு அருமையானது. ரேஸ் டிராக்கில் வேகமாக ஓட்டுபவருக்கு அதை நான் சொல்லவே மாட்டேன்.

ஸ்லைடரின் முனையை டெல்ரின், நைலான் போன்ற பிளாஸ்டிக்கில் செய்வதும் இதனால்தான். அவை வழுக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ரப்பர் முனை சாலையைப் பிடித்துக்கொள்ளும். உலோக முனை அதிர்ச்சியை அப்படியே உள்ளே அனுப்பிவிடும்.

உள்ளே என்றால் எங்கே? பெரும்பாலான ஸ்லைடர்கள், எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் நீளமான போல்ட் போட்டு மாட்டப்படுகின்றன. ஃபேரிங்கில், அதாவது பைக்கை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையில், துளை போட்டு நேராக மாட்டினால், சாயும்போது வரும் அடி போல்ட்டின் நீளவாக்கில் போகும். அந்தத் திசையில் போல்ட் பலசாலி. துளை போட மனமில்லாதவர்கள் வாங்கும் ரகத்தில், இடையே ஒரு உலோகத் தகடு வந்து ஸ்லைடரை ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி வைக்கும். இப்போது அதே 15,000 நியூட்டன், 750 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையாக மாறி மவுண்ட்டை (ஸ்லைடர் பிடித்து நிற்கும் இடத்தை) முறுக்கப் பார்க்கிறது. நீளமான ஸ்பானரில் லேசாக அழுத்தினாலே நட்டு அசைவது போலத்தான். விரிசல் விழுவது அலுமினிய சேஸிஸிலோ எஞ்சின் வார்ப்பிலோ என்றால், காப்பாற்றிய ஃபேரிங்கின் விலை ஒன்றுமே இல்லை. வழியிருந்தால் துளை போடுங்கள். முடியாதபோது, இரண்டு போல்ட்டுகளில் பிடித்து நிற்கும் தகட்டைத் தேடுங்கள்.

எஞ்சின் கவர்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிளட்ச்சையும் ஆல்டர்னேட்டரையும் மூடியிருக்கும் மெல்லிய வார்ப்பு மூடிகள் தார்ச்சாலையில் தேய்ந்தால் சீக்கிரமே ஓட்டை விழும். எண்ணெய் சாலையில் கொட்டும், பின்னால் வருபவரும் விழுவார். அதனால்தான் எஃப்.ஐ.எம். (சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம்) சூப்பர்பைக் போட்டி விதிகள், எண்ணெய் உள்ள பக்கவாட்டு மூடிகளுக்கு மேல் இரண்டாவது மூடியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஸ்லைடருக்கும் இதற்கும் சேர்த்துப் பணம் போதவில்லை என்றால், டிராக்கில் ஓட்டுபவர் முதலில் இதைத்தான் வாங்க வேண்டும். ஹேண்டில்பார் முனைக்கும் சக்கர அச்சுக்கும் வரும் சிறிய குமிழ்கள் மலிவானவை, போட்டு வைக்கலாம்.

ஒருமுறை விழுந்தபின் ஸ்லைடரின் தேய்ந்த முகத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். போல்ட்டைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். தள்ளாடினால் அது வளைந்திருக்கிறது, புதிது போட வேண்டும். மவுண்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டில் முடி போன்ற கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால், சேஸிஸைச் சோதிக்கத் தெரிந்தவர் பார்க்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.