உள்ளே இழுக்காவிட்டாலும் உடம்புக்குள் போகிறது: சிகார் சேகரிப்பவர்களுக்கு ஒரு பல் மருத்துவர் எழுதுவது

முதல் முறை வருகிறவர்களிடம் ஒரு படிவம் நிரப்பச் சொல்வோம். அதில் 'புகைபிடிப்பவரா' என்று ஒரு கேள்வி இருக்கும். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் தயங்கினாலும் 'ஆம்' என்றுதான் எழுதுகிறார்கள். சிகார் பிரியர்கள் பெரும்பாலும் 'இல்லை' என்று டிக் செய்துவிடுகிறார்கள். வாயைத் திறந்து அண்ணத்தை, அதாவது வாயின் மேற்கூரையை, பார்த்துவிட்டு நான் மறுபடி கேட்டால்தான், "அது ஹாபி டாக்டர், வாரத்துக்கு ஒன்றிரண்டுதான், அதுவும் புகையை உள்ளே இழுக்கவே மாட்டேன்" என்று பதில் வரும். பொய் சொல்லவில்லை, அவர்கள் உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இவர்களுக்குத் தங்கள் பொருளைப் பற்றி நிறையத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. சென்னை மாதிரி ஊரில் சிகாரைக் கெடாமல் வைத்திருப்பது லேசான வேலையும் இல்லை. ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். 24, 25 டிகிரியைத் தாண்டிவிட்டால் இலைக்குள் முட்டையாகக் கிடக்கும் புகையிலை வண்டு பொரிந்து வந்து, பெட்டி முழுக்கத் துளை போட்டுவிடும். அதனால் புதிதாக வாங்கியதைச் சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடுப்பார்கள், ஸ்பானிஷ் சீடர் பலகை போட்ட ஹ்யூமிடாரோடு (ஈரப்பதம் காக்கும் சிகார் பெட்டி) நிற்காமல் வைன் குளிரூட்டும் பெட்டியையும் வாங்கிவிடுவார்கள். ஈரப்பதமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, கொஞ்சம் உப்பை நீரில் குழைத்து அதோடு ஒரு டப்பாவில் மூடி வைத்து, 75 காட்டுகிறதா என்று சோதிப்பார்கள். இவ்வளவு பொறுமையும் கவனமும் உள்ளவர்களிடம் வேதியியல் பேசினால் புரியும் என்பதால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிகாரை இப்படிப் பெட்டியில் வருடக்கணக்கில் வைத்துப் பழக வைப்பதால் என்ன நடக்கிறது? கியூபாவின் பினார் டெல் ரியோ பக்கம் விளையும் இலையாக இருந்தாலும் சரி, திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து இலையாக இருந்தாலும் சரி, உலர்த்திய பிறகு அதைக் குவித்துப் புழுங்க விடுகிறார்கள். குவியலுக்குள் சூடு ஏறும், பிரித்து மாற்றி அடுக்குவார்கள், அந்தச் சூட்டில் அம்மோனியா வெளியேறும். சுருட்டிய பிறகும் மிச்சமிருக்கும் அம்மோனியா, பெட்டிக்குள் இருக்கும் மாதங்களிலும் வருடங்களிலும் மெல்லக் குறைகிறது. புதுச் சிகாரில் மூக்கைக் குத்துகிற அந்தக் கார நெடி போய், சுவை சாதுவாகிறது. இதெல்லாம் உண்மைதான்.

ஆனால் எது போகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். இலை உலரும்போதும் புழுங்கும்போதும் அதிலுள்ள நைட்ரேட்டை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரைட், நிகோடினோடும் அதன் உறவுப் பொருட்களோடும் சேர்ந்து புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்களை உண்டாக்குகிறது. இவற்றில் என்.என்.என்., என்.என்.கே. என்ற இரண்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. சிகாருக்கு ருசி கொடுக்கிற அதே புழுங்கல்தான் இவற்றையும் கூட்டுகிறது. சீடர் பெட்டியில் பத்து வருடம் வைத்தாலும் இவை ஆவியாகிப் போவதில்லை. கார்பன் மோனாக்சைடும், புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீனும் எரியும்போது உண்டாகிறவை, பழசோ புதுசோ, பற்றவைத்தால் வரும். ஆக, பழக வைத்த சிகாரில் போனது தொண்டையை உறுத்தி நம்மை நிறுத்தச் சொல்கிற நெடி மட்டும்தான். உறுத்தல் இல்லாததால் புகையை வாயில் இன்னும் அதிக நேரம் வைத்திருக்கிறோம்.

'இயற்கையான இலை, கெமிக்கல் கலக்காதது' என்றும் சொல்வார்கள். ஒரு காலத்தில் இங்கிலாந்து வரை கப்பலேறிய உறையூர்ச் சுருட்டும் கைச்சுருட்டுதான், வெறும் இலைதான். நான் மேலே எழுதியது எல்லாமே அந்த வெறும் இலையில் உள்ளவை.

சரி, உள்ளே இழுக்காத விஷயத்துக்கு வருவோம். சிகரெட் புகை பெரும்பாலும் அமிலத் தன்மை உள்ளது. அதிலுள்ள நிகோடின் வாய்ச் சவ்வைச் சுலபமாகக் கடக்காது, நுரையீரலுக்குப் போனால்தான் ரத்தத்தில் கலக்கும். அதனால்தான் சிகரெட் பிடிப்பவர் இழுக்கிறார். சிகார் புகை காரத் தன்மை உள்ளது. கன்னத்தின் உட்புறம், நாக்கு, அண்ணம் வழியாகவே நிகோடின் உள்ளே போய்விடும், இழுக்க வேண்டிய தேவையே இல்லை. பற்றவைக்காமல் சும்மா வாயில் வைத்திருந்தால்கூட உமிழ்நீர் வழியாகக் கொஞ்சம் போகும். மூக்கு வழியாகப் புகையை விட்டு ருசி பார்க்கிற 'ரெட்ரோஹேல்' பழக்கம் இருந்தால் மூக்கின் பின்பகுதியும் இந்தக் கணக்கில் சேர்கிறது. அளவையும் பாருங்கள்: ஒரு சிகரெட்டில் 1 கிராமுக்கும் குறைவான புகையிலை, பெரிய சிகார் ஒன்றில் 5 கிராம் முதல் 20 கிராம் வரை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் அது உங்கள் வாயில் இருக்கிறது.

அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் சிகாரைப் பற்றித் தனியாக ஒரு பெரிய தொகுப்பே வெளியிட்டது. தினமும் பிடிப்பவர்களுக்கு வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது, வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் ஆபத்து சிகரெட் பிடிப்பவர்களுக்கு இணையாகவே இருக்கிறது என்பது அதன் முக்கியமான முடிவு. இழுக்காதவர்களுக்கு நுரையீரல் ஆபத்து சிகரெட்டைவிடக் குறைவு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். வாரம் ஒன்று பிடிப்பவரின் ஆபத்தும் தினமும் பிடிப்பவருடையதைவிடக் குறைவுதான். ஆனால் அலமாரியில் நூறு சிகார் தயாராக இருக்கும்போது வாரம் ஒன்று என்ற கணக்கு நிலைத்து நிற்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. முன்பு சிகரெட் பிடித்துவிட்டு இதற்கு மாறியவர்கள், தங்களுக்கே தெரியாமல் உள்ளேயும் இழுத்துவிடுகிறார்கள்.

சிக்மண்ட் ஃபிராய்ட் ஒரு நாளைக்கு இருபது சிகார் வரை பிடித்தவர். 1923இல் அவருடைய அண்ணத்திலும் தாடையிலும் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. மேல்தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, வாய்க்கும் மூக்குக்கும் இடையில் விழுந்த ஓட்டையை அடைக்கச் செயற்கைத் தாடை பொருத்தினார்கள். சாப்பிடுவது, பேசுவது எல்லாம் வேதனையாகிப்போனது. 1939இல் இறக்கும்வரை முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். மனித மனதைப் பற்றி அவ்வளவு எழுதியவராலும் சிகாரை விட முடியவில்லை. இது விருப்பப்பட்டபோது விட்டுவிடக்கூடிய பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

நம் பக்கத்து ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் கடலோரக் கிராமங்களில் பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அங்கே அண்ணப் புற்றுநோய் அதிகம் என்பது பல் மருத்துவம் படிக்கும் எல்லோருக்கும் பாடத்திலேயே வரும். அண்ணம் சூட்டையும் புகையையும் நேரடியாக வாங்குகிற இடம். சிகார் பிரியர்களிடமும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். வெளுத்துப்போன பரப்பில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், அவை சூட்டில் வீங்கிய உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள். இது பெரும்பாலும் நிறுத்தியதும் சில வாரங்களில் சரியாகிவிடும். கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ நாக்குக்கு அடியிலோ, துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் வந்தால் அது வேறு விஷயம். சிவந்த திட்டு என்றால் இன்னும் கவனம் தேவை. சிகார் மேல் வெள்ளையாக ஏதாவது படிந்தால் பூஞ்சையா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறவர்கள், மாதம் ஒரு தடவை அதே டார்ச்சோடு கண்ணாடி முன் நின்று வாய்க்குள்ளும் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், காதுவரை போகும் வலி, கழுத்தில் கட்டி, இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் விஸ்கி. சிகாரோடு ஜோடி சேர்க்க நல்ல விஸ்கி எது என்று பேசுவது இந்த ஹாபியில் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. மதுவும் புகையிலையும் சேரும்போது வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து, இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் வருவதைவிட அதிகம். எனக்கு மிகவும் கவலை தருவது இந்த ஜோடிதான். பிள்ளைகள் இருக்கும் வீட்டில், ஏசி போட்ட மூடிய அறையில் பிடிப்பதும் அப்படியே. ஒரு சிகார் மணிக்கணக்கில் எரிகிறது, அந்தப் புகையைப் பக்கத்தில் இருப்பவர்கள் உள்ளே இழுக்கத்தான் செய்கிறார்கள்.

சேர்த்து வைத்ததற்குச் செலவான பணத்தை நினைத்து, 'இருப்பதை முடித்துவிட்டு நிறுத்துகிறேன்' என்பவர்களுக்கு நான் சொல்வது: முதலில் வாங்குவதை நிறுத்துங்கள், இருப்பதற்காகப் பிடிக்காதீர்கள். காலையில் எழுந்ததும் தேடுகிறது, இல்லாவிட்டால் எரிச்சல் வருகிறது என்றால் அது நிகோடின் பழக்கம்தான், அதற்கு மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன. 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணை அழைத்தால் விடுவதற்கு வழி சொல்வார்கள். வெள்ளைப் படலம் இருந்து நாங்கள் பயாப்சி எடுக்கச் சொன்னால் பயந்து ஓடிவிடாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு சின்னத் துண்டு எடுப்போம், சில நாளில் ஆறிவிடும். சிகாரை நிறுத்திய பிறகு படலம் சுருங்கினாலும், சில மாதங்களுக்கு ஒரு முறை வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த முறை படிவத்தில் அந்தக் கேள்வி வந்தால் 'ஆம்' என்று எழுதுங்கள், எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.