நரகம், பாதாளம், கெஹன்னா: எந்த சொல்லுக்கு என்ன அர்த்தம்?

நரகம் உண்டா இல்லையான்னு கிறிஸ்தவங்களும் நாத்திகர்களும் சண்ட போடும்போது பாதி நேரம் ரெண்டு பேரும் வேற வேற விஷயத்த பத்தி பேசிட்டு இருக்காங்க. ஏன்னா பைபிள்ல நாம மொத்தமா நரகம்னு நெனச்சு படிக்கிற இடங்கள்ல மூலத்துல ஒரே சொல் கெடையாது, எபிரேயத்துல ஷெயோல், கிரேக்கத்துல ஹேடஸ், கெஹன்னா, டார்டரஸ்னு நாலு சொல் இருக்கு. இதுல டார்டரஸ் 2 பேதுரு 2:4ல ஒரே ஒரு தடவ, அதுவும் வினைச்சொல்லா வருது, பாவம் செஞ்ச தேவதூதர்கள தள்ளிவிட்ட இடம், மனுஷங்கள பத்தின பேச்சே அங்க இல்ல, அதனால அத விட்டுடலாம். மத்த மூணும்தான் முக்கியம்.

ஷெயோல் பழைய ஏற்பாட்டுல சுமார் 65 இடத்துல வருது. நல்லவன் கெட்டவன் பாகுபாடு இல்லாம செத்தவங்க எல்லாரும் போய் சேர்ற இருட்டான இடம், அவ்வளவுதான். யோசேப்ப காட்டு மிருகம் கொன்னுடுச்சுன்னு நம்பின யாக்கோபு, "நான் துக்கத்தோடே என் குமாரனிடத்தில் பாதாளத்தில் இறங்குவேன்"னு அழறார். பெத்த பிள்ள தீயில வேகுதுன்னு அந்த அப்பா சொல்லல, செத்துப்போய் அவன்கூட சேந்துக்கறேன்னு சொல்றார். பிரசங்கி புத்தகத்த எழுதுனவர் இன்னும் பச்சையா, நீ போற பாதாளத்துல செய்கையும் வித்தையும் அறிவும் ஞானமும் இல்லன்னு முடிச்சுடறார். நெருப்பும் இல்ல, சாத்தானும் இல்ல, சித்திரவதையும் இல்ல. 1611ல வந்த ஜேம்ஸ் அரசர் ஆங்கில பைபிள் இதே ஷெயோல 31 இடத்துல ஹெல்லுன்னும், 31 இடத்துல கல்லறைன்னும், 3 இடத்துல குழின்னும் போட்டுச்சு, கெட்டவன பத்தின வசனம்னா ஹெல், யாக்கோபு மாதிரி நல்லவர் பேசுனா கல்லறை, பெரும்பாலும் இப்படித்தான் பிரிச்சிருக்காங்க, அந்த பிரிப்பு எபிரேயத்துல இல்லவே இல்ல. நம்ம தமிழ் பைபிளோட பழைய திருப்புதல், அதாவது பழைய மொழிபெயர்ப்பு, இந்த விஷயத்துல எவ்வளவோ மேல், பெரும்பாலும் பாதாளம்னே வச்சிருக்கு. ஆனா சங்கீதம் 9:17ல பாருங்க, "துன்மார்க்கரும், தேவனை மறக்கிற எல்லா ஜாதிகளும், நரகத்திலே தள்ளப்படுவார்கள்"னு இருக்கும், அங்கயும் மூலத்துல ஷெயோல்தான்.

எபிரேய வேதத்த கிரேக்கத்துக்கு மாத்தும்போது ஷெயோலுக்கு பதிலா ஹேடஸ்ங்கிற சொல்ல எடுத்துக்கிட்டாங்க, அது கிரேக்க புராணத்துல கீழுலகத்துக்கும் அத ஆள்ற தெய்வத்துக்கும் உள்ள பேரு. புதிய ஏற்பாட்டுல இந்த சொல் வர்ற எடத்துலயும் தமிழ்ல பாதாளம்தான். ஐசுவரியவான் லாசரு கதைய நரகத்துக்கு சாட்சியா காட்டாத பிரசங்கமே இல்ல, ஆனா லூக்கா 16:23ல செத்துப்போன அந்த ஐசுவரியவான் வேதனைப்படுற இடம் "பாதாளத்திலே"ன்னுதான் இருக்கு, நரகம்னு இல்ல. வெளிப்படுத்தல் 20:14 இன்னும் தெளிவு: "அப்பொழுது மரணமும் பாதாளமும் அக்கினிக்கடலிலே தள்ளப்பட்டன." பாதாளத்தையே தூக்கி நெருப்புல போடுறாங்கன்னா ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? விசுவாசப் பிரமாணத்துல இயேசு "பாதாளத்தில் இறங்கினார்"னு நாம சொல்றோமே, அத ஹெல்லுன்னு சொல்ற ஆங்கிலக்காரங்க, இயேசு எதுக்கு நரகத்துக்கு போனார்னு காலகாலமா கொழம்பிட்டு இருக்காங்க, நமக்கு அந்த கொழப்பம் கம்மி.

இப்ப கெஹன்னா. இது வேற உலகத்துல இருக்குற இடத்தோட பேரா பொறக்கல, இன்னிக்கும் நடந்து போய் பாக்கக்கூடிய ஒரு பள்ளத்தாக்கு. எருசலேம் பழைய நகரத்துக்கு மேற்கயும் தெற்கயும் வளைஞ்சு போற இன்னோம் பள்ளத்தாக்கு, எபிரேயத்துல கே ஹின்னோம், அதுதான் அரமேயிக் வழியா கிரேக்கத்துல கெஹன்னா ஆச்சு. அந்த பள்ளத்தாக்குல தோப்பேத்னு ஒரு மேடை, அங்க மோளேகுங்கிற தெய்வத்துக்கு பிள்ளைங்கள தீயில பலி கொடுத்தாங்க, ஆகாஸ், மனாசேன்னு ரெண்டு யூத ராஜாக்களே சொந்த பிள்ளைங்கள அங்க தீயில போட்டதா நாளாகமம் சொல்லுது. யோசியா ராஜா வந்து அந்த எடத்த தீட்டாக்கி மூடுனார். இனிமே இது இன்னோம் பள்ளத்தாக்கு இல்ல, சங்காரப் பள்ளத்தாக்குன்னு எரேமியா சொன்னார், பொதைக்க எடமில்லாம பிணம் குவியும்னு. ஆக, கெஹன்னாங்கிற பேருக்கு பின்னாடி இருக்குறது பெத்தவங்க கையால எரிஞ்ச பிள்ளைங்க. கடவுள் அத பாத்து, நான் கட்டளையிடவும் இல்ல, என் மனசுல தோணவும் இல்லன்னு எரேமியா 7:31ல சொல்றார். இந்த வசனத்த படிச்ச பிறகு, கடவுளே மனுஷங்கள காலாகாலத்துக்கும் தீயில வச்சிருப்பார்னு அதே பேர வச்சு பேசுறது எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு.

கெஹன்னா இயேசு காலத்துல ஊர் குப்பைமேடு, எப்பவும் எரிஞ்சுட்டே இருக்கும், அதத்தான் அவர் உவமையா சொன்னார்னு ஒரு விளக்கம் எல்லா பிரசங்கத்துலயும் வரும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அத எழுதி வச்ச பழைய ஆள் டேவிட் கிம்ஹிங்கிற யூத உரைகாரர், அவர் வாழ்ந்தது கி.பி. 1200 வாக்குல, இயேசுவுக்கு ஆயிரத்து சொச்சம் வருஷம் பின்னாடி, அதுவும் பிரான்ஸ்ல. முதல் நூற்றாண்டு ஆதாரம் எதுவும் கெடையாது. தோண்டி பாத்ததுல கெடைச்சது வேற ஒண்ணு. 1979ல கபிரியேல் பார்க்காய்ங்கிற தொல்லியலாளர் அந்த பள்ளத்தாக்கு ஓரத்துல கெத்தேப் ஹின்னோம்ங்கிற எடத்துல பழைய கல்லறைகள தோண்டும்போது சின்னதா சுருட்டின ரெண்டு வெள்ளித் தகடு கெடைச்சுது, தாயத்து மாதிரி கழுத்துல கட்டிக்கிறது. பொடிஞ்சு போகாம பிரிக்கறதுக்கே வருஷக்கணக்காச்சு. பிரிச்சு பாத்தா உள்ள கீறியிருக்குறது எண்ணாகமம் 6ல வர்ற ஆசீர்வாதம், "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்"னு நாம சொல்றோமே அது. கி.மு. 7ம் நூற்றாண்டு கடைசி அல்லது 6ம் நூற்றாண்டு தொடக்கம்னு கணிக்கறாங்க, பைபிள் வாசகம் எழுதி இதுவரை கெடைச்சதுல இதுதான் ரொம்ப பழசு. கெஹன்னாவோட கரைல கெடைச்ச வாசகம் சாபம் இல்ல, ஆசீர்வாதம்.

புதிய ஏற்பாட்டுல கெஹன்னா மொத்தம் 12 தடவ, அதுல 11 இயேசு வாயில, ஒண்ணு யாக்கோபு நிருபத்துல. பவுல் இவ்வளவு நிருபம் எழுதியும் ஒரு தடவ கூட இந்த சொல்ல தொடல, யோவான் சுவிசேஷத்துலயும் இல்ல. தமிழ்ல மத்தேயு 5:22ல பழைய திருப்புதலும் சரி 1995ல வந்த திருவிவிலியமும் சரி "எரிநரகம்"னு போட்டிருக்கு, ரொம்ப பொருத்தமான சொல், மத்த பல இடங்கள்ல வெறும் நரகம்.

இயேசு பேசுன யூத சூழல்ல அந்த சொல் எப்படி வளந்துதுன்னும் பாக்கணும். மிஷ்னாங்கிற பழைய யூத சட்டத் தொகுப்புல கெட்டவங்களுக்கு கெஹின்னோம்ல தீர்ப்பு 12 மாசம்னு ஒரு கூற்று இருக்கு. அப்பா அம்மா செத்தா யூதங்க கத்தீஷ் ஜெபத்த 11 மாசம் சொல்றது வழக்கம், முழு 12 மாசம் சொன்னா நம்ம அப்பா அவ்வளவு கெட்டவரான்னு ஆயிடும்ல, அதனால ஒரு மாசம் முன்னாடியே நிறுத்திடுவாங்க. முஸ்லிம்கள் சொல்ற ஜஹன்னமும் இதே சொல்தான், அதே பள்ளத்தாக்கோட பேரு.

இனி தமிழ்ல இருக்குற நரகம். இது வடசொல், கீழ போறதுங்கிற மாதிரி பொருள் வர்றாப்ல யாஸ்கரோட நிருக்தம்ங்கிற பழைய சொற்பொருள் நூல் பிரிச்சு காட்டுது. அப்பர் "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம், நரகத்தில் இடர்ப்படோம்"னு 7ம் நூற்றாண்டுலயே பாடிட்டார், மிஷனரிங்க கப்பல் ஏறுறதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடி. ஆனா முக்கியமான வித்தியாசம் ஒண்ணு இருக்கு: சைவமோ பௌத்தமோ சமணமோ, நரகம்னா பொதுவா வினை தீர்ற வரைக்கும்தான், தீர்ந்தா வெளிய வந்து மறுபடி பொறப்பு. பாகவதம் 28 நரகத்த பேர் சொல்லி அடுக்குது, ஒண்ணுமே நிரந்தரம் கெடையாது. இந்த சொல்ல எடுத்து கெஹன்னாவுக்கு வச்சப்போ தமிழ் காதுல முடிவில்லாததுங்கிற அர்த்தம் தானா வராது, அதனாலதான் நம்ம பிரசங்கத்துல "நித்திய நரகம்"னு ஒட்டு போட்டே சொல்ல வேண்டி இருக்கு.

சரி, முடிவில்லாததா இல்லையா? இதுலதான் கிறிஸ்தவங்களுக்குள்ளயே பிளவு. பழைய சபைத் தந்தை அகுஸ்தினார் சொன்னது தான் மேற்கத்திய சபைல நெலச்சுது: மத்தேயு 25:46ல நித்திய ஆக்கினைக்கும் நித்திய ஜீவனுக்கும் கிரேக்கத்துல ஒரே அயோனியோஸ்ங்கிற சொல், ஜீவன் முடியாதுன்னா ஆக்கினையும் முடியாது. வலுவான வாதம், இத லேசா தட்டிவிட முடியாது. இன்னொரு பக்கம், அழிஞ்சு போறதுதான் தண்டனைன்னு ஒரு கூட்டம், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை அப்படித்தான் போதிக்குது, ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட் கூட 1988ல இது பக்கம் சாஞ்சார். அவங்க காட்டுற வசனம் மத்தேயு 10:28, "ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்கே பயப்படுங்கள்", அழிக்கன்னு இருக்கே, வாட்டன்னு இல்லையேன்னு கேக்கறாங்க. தண்டனை நித்தியம், ஆனா தண்டனை அனுபவிக்கிறது நித்தியம் இல்ல, திரும்பி வரவே முடியாத அழிவுங்கறாங்க. மூணாவது, கடைசில எல்லாருமே மீட்கப்படுவாங்கன்னு நம்புனவங்க, 3ம் நூற்றாண்டு சபை அறிஞர் ஒரிகன், 4ம் நூற்றாண்டுல நிசா நகர ஆயர் கிரகோரி. கிரகோரிய சபை புனிதரா வச்சிருக்கு, ஒரிகன் பேரோட ஒட்டின கருத்துங்கள கி.பி. 553ல கான்ஸ்டான்டிநோப்பிள்ல கூடுன சபைச் சங்கத்த ஒட்டி கண்டிச்சாங்க.

கத்தோலிக்க சபை நரகம் உண்டு, நித்தியம்னு இன்னும் போதிக்குது, ஆனா 1999ல இரண்டாம் ஜான் பால் அது ஒரு இடத்த விட, கடவுள விட்டு தானாவே விலகிப் போறவங்களோட நிலைன்னு விளக்குனார், 2024 ஜனவரில போப் பிரான்சிஸ் ஒரு டிவி பேட்டில, இது என் சொந்த எண்ணம்னு சொல்லிட்டு, நரகம் காலியா இருக்கும்னு நெனைக்க பிடிக்கும்னார். ஜெபமாலைல ஒவ்வொரு பத்துமணி முடிஞ்சதும் "நரக நெருப்பிலிருந்து எங்களை மீட்டருளும், எல்லாரையும் விண்ணகப் பாதையில் நடத்தியருளும்"னு சொல்றோமே, எல்லாரையும்னுதான் கேக்கறோம். செத்த பிறகு பாவக்கறை தீர்ற உத்தரிக்கிற ஸ்தலத்தையும் நரகத்தையும் நெறைய பேர் போட்டு கொழப்பிக்கறாங்க, அது வேற, அங்க போறவங்க எல்லாருமே மோட்சத்துக்கு போறவங்கதான்.

நம்பாதவங்க சைடுல ரெண்டு வேற வாதம் இருக்கு, அத பிரிச்சு வச்சுக்கணும். ஒண்ணு, உடம்பு போன பிறகு உயிர் இருக்கும்ங்கறதுக்கே ஆதாரம் இல்லங்கறது. இன்னொண்ணு நியாயத்த பத்தினது: மனுஷனோட குத்தம் அளவுக்குட்பட்டது, அதுக்கு அளவில்லாத தண்டனை எப்படி நியாயம்னு தத்துவஞானி டேவிட் ஹ்யூம் கேட்டார், அவர் செத்த பிறகு 1777ல அந்த கட்டுரை அச்சாச்சு. இன்னொரு தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927 சொற்பொழிவுல இயேசு நரகத்த நம்புனதையே அவர் குணத்துல ஒரு குறைன்னு சொன்னார். என்ன ரொம்ப பாதிச்சது டார்வின் எழுதினது. இது உண்மைன்னா நம்பாத என் அப்பாவும் அண்ணனும் கிட்டத்தட்ட என் நெருங்கின நண்பர்கள் எல்லாருமே என்னென்னைக்கும் தண்டிக்கப்படுவாங்க, இது ஒரு கொடிய போதனைன்னு சுயசரிதைல எழுதி வச்சார். அவர் மனைவி எம்மா பக்தி உள்ளவங்க, அந்த பகுதி அச்சாகறத விரும்பல, 1887 பதிப்புல அத எடுத்துட்டாங்க, 1958ல பேத்தி நோரா பார்லோதான் திரும்ப சேத்தாங்க. ஒரு வீட்டுக்குள்ள புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல இந்த ஒரு சொல் எவ்வளவு பாரமா இருந்திருக்கு பாருங்க.

என் அபிப்பிராயம், ஹ்யூமோட கேள்வி முடிவில்லாத வேதனைங்கிற போதனைய நேரா தாக்குது, அழிவு, மீட்பு ரெண்டையும் அது அவ்வளவா தொடல. அதே சமயம் சொல்லாராய்ச்சி பண்ணி நரகத்தையே இல்லாம ஆக்கிடலாம்னு நெனைக்கிற நம்ம ஆளுங்களும் ஏமாந்துக்க கூடாது, வெளிப்படுத்தல் 20:10ல "இரவும் பகலும் சதாகாலங்களிலும் வாதிக்கப்படுவார்கள்"னு இருக்குறது அப்படியேதான் இருக்கு. ஆனா ஞாயிறு பள்ளில ஆறு வயசு பிள்ளைக்கு கொதிக்கிற எண்ணெய் சட்டி படம் காட்டுறது பைபிள்ல எங்கயும் இல்லாதது, அந்த மாதிரி விதவிதமான சித்திரவதை பட்டியல் எல்லாம் 2ம் நூற்றாண்டு பேதுரு வெளிப்பாடு மாதிரி பைபிளுக்குள்ள சேராத நூல்கள்ல இருந்தும் பிறகு இத்தாலியக் கவிஞர் தாந்தே கிட்ட இருந்தும் வந்தது. அத நிறுத்தணும், இதுல எனக்கு ரெண்டு கருத்து கெடையாது.

கடைசியா, நல்ல தமிழ்ல என்ன சொல்லலாம்? நிரயம்னு புறநானூறு 5ம் பாட்டுலயே இருக்கு, ஆனா அதுவும் வடமொழி, பாலில இருக்குற சொல்தான். வள்ளுவர் நரகம்ங்கிற சொல்லையே எடுக்கல. அவர் பயன்படுத்துறது அளறு, "அண்ணாத்தல் செய்யாது அளறு" (255), "தான்புக் கழுந்தும் அளறு" (835). அளறுன்னா சேறு, உள்ள போனா அமுந்திக்கிட்டே போற உளை. அடங்காமைக்கு ஆரிருள் (121), பொறாமைக்கு தீயுழி (168), அதாவது தீ இருக்குற இடம். நரகம்னா உடனே அளறுன்னு எல்லா இடத்துலயும் மாத்தி போடுறாங்க சில தனித்தமிழ் ஆர்வலர்கள், எனக்கு அது சரியா படல. அளறு ஷெயோலுக்குத்தான் பக்கம், சங்கீதம் 40:2ல "பயங்கரமான குழியிலும் உளையான சேற்றிலுமிருந்து" தூக்கியெடுத்தார்னு தாவீது பாடுறது அப்படியே அளறு, அதுல நெருப்பு வாட கூட இல்ல. கெஹன்னாவுக்கு தீயுழிதான் கச்சிதம், எரிநரகமும் நல்லா பழகிப்போன சொல், ரெண்டுல எது வேணா வச்சுக்கலாம். ஷெயோல், ஹேடஸ் ரெண்டுக்கும் பாதாளம் இருநூறு வருஷமா புழங்குது, வடசொல்தான்னாலும் அத மாத்த தேவையில்ல. விவாதம்னு உக்காந்தா மட்டும், தமிழ்ல எந்த சொல் இருந்தாலும் சரி, மூலத்துல கெஹன்னாவா ஷெயோலான்னு முதல்ல பாத்துட்டு பேசுங்க.